போனவர் எங்கே போனார்?

எங்கள் தெருமுனையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அதன் தகர வேலியும் பக்கத்து மளிகைக் கடைச் சுவரும் அஞ்சலி போஸ்டர்களுக்கென்றே நேர்ந்துவிட்டவை. பஸ்ஸுக்கு நிற்கும்போது அவற்றைப் படிப்பது எனக்குப் பழக்கம். போட்டோவும் வயதும் மாறிக்கொண்டே இருக்கும், நான் கவனிப்பது வினைச்சொல்லை. ஒருவர் 'சிவலோகப் பதவி அடைந்தார்'. இன்னொருவர் 'வைகுண்டப் பதவி' அடைந்தார். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று ஒன்று, 'வஃபாத்தானார்' என்று ஒன்று. கழகத்துக்காரர் என்றால் 'இயற்கை எய்தினார்'. எந்தப் பக்கமும் சாயாதவர்களுக்குக் 'காலமானார்'. வீட்டுப் பேச்சிலோ 'தவறிட்டார்', 'போய்ட்டார்', 'போய்ச் சேர்ந்துட்டார்'.

அடைந்தார், எய்தினார், சேர்ந்தார், போனார். பாதிக்கு மேல் பயணச் சொற்கள். கடவுளே இல்லை என்று ஆயுள் முழுக்கப் பேசியவரும் கடைசியில் எதையாவது 'எய்த' வேண்டியிருக்கிறது. பயணம் என்று சொல்லிவிட்டால் எங்கே என்ற கேள்வி தானாக வந்துவிடும். எங்கே என்றால் ஓர் இடம் வேண்டும். இடம் என்றால் அது எவ்வளவு பெரிது, எங்கே முடிகிறது, முடிந்த பிறகு என்ன இருக்கிறது? எழவு வீட்டுத் திண்ணையில் தொடங்கும் பேச்சு ராத்திரி பதினோரு மணிக்குப் பிரபஞ்சத்தின் விளிம்பில் போய் நிற்பது இப்படித்தான்.

போன வருடம் பெரியப்பா தவறியபோது எங்கள் வீட்டுப் பந்தலிலும் அது நடந்தது. கூட்டம் கலைந்து, பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம். சித்தப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "அண்ணன் இப்ப எங்கடா இருப்பான்? நீதான் சயின்ஸ் எல்லாம் படிக்கிறியே. வானத்துக்கு முடிவே இல்லங்கறாங்க. முடிவே இல்லாததுல ஒருத்தன எங்கன்னு தேடுறது?" அன்று நான் டீ வாங்கிவருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

சரி, அளக்கக்கூடியதிலிருந்து தொடங்கலாம். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். ஒளி ஓராண்டில் ஏறக்குறைய 9.5 லட்சம் கோடி கிலோமீட்டர் ஓடுகிறது. அப்படியானால் நாம் பார்க்க முடிந்த தொலைவு 1,380 கோடி ஒளியாண்டுதானே இருக்க வேண்டும்? கணக்கில் வருவது சுமார் 4,600 கோடி ஒளியாண்டு. ஒளி வந்துகொண்டிருந்த நேரத்தில் வெளியும் விரிந்துகொண்டே இருந்ததுதான் காரணம். இட்லி மாவில் இரண்டு வெந்தயம் கிடக்கிறது என்று வையுங்கள். மாவு புளித்துப் பொங்கும்போது வெந்தயம் நீந்திப் போவதில்லை, நடுவில் இருக்கிற மாவு உப்பி அவற்றை விலக்குகிறது. விண்மீன் மண்டலங்கள் விலகுவதும் இப்படித்தான். 'மாவு பொங்க இடம் வேண்டுமே, பிரபஞ்சம் எதற்குள் பொங்குகிறது?' என்று கேட்டால் உவமை படுத்துவிடும். இந்த மாவுக்குப் பாத்திரம் கிடையாது. இடம் என்று நாம் சொல்வதே இந்த மாவைத்தான்.

4,600 கோடி ஒளியாண்டு என்பது பிரபஞ்சத்தின் விளிம்பு இல்லை. நம் பார்வையின் விளிம்பு, கடற்கரையில் நின்றால் தெரியும் தொடுவானம் மாதிரி. தொடுவானத்தோடு கடல் முடிந்துவிடாது என்பது மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு அப்பால் எவ்வளவு? ஒரு மறைமுக வழி இருக்கிறது. பெரிய முக்கோணம் ஒன்று வரைந்து அதன் கோணங்களைக் கூட்டிப் பார்க்கலாம். வெளி வளைந்திருந்தால் கூட்டுத்தொகை 180 பாகைக்குக் கூடும் அல்லது குறையும். ஐரோப்பிய விண்வெளி முகமை 2009-ல் ஏவிய பிளாங்க் விண்கலம், பிரபஞ்சம் கொதித்துக்கொண்டிருந்த காலத்திலிருந்து மிஞ்சிய ஆதி ஒளியை அளந்தது. அந்தக் கணக்கை மற்ற அளவீடுகளோடு சேர்த்துப் பார்த்ததில், சுமார் 0.2 சதவீதத் துல்லியத்துக்குள் வெளி தட்டையாகவே இருக்கிறது.

தட்டை என்றால் முடிவில்லாதது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது அவசரம். பழைய நோக்கியா போனில் பாம்பு விளையாட்டு ஆடியிருப்பீர்கள். அதன் ஒரு பதிப்பில் பாம்பு வலது ஓரத்தில் மறைந்து இடது ஓரத்தில் வரும். திரை தட்டைதான், பரப்பும் கொஞ்சம்தான், ஆனால் பாம்புக்கு எந்த இடத்திலும் சுவர் தட்டுப்படாது. பிரபஞ்சமும் அப்படித் தன்னோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் ஆதி ஒளியில் ஒரே மாதிரி வட்டங்கள் வானத்தின் இரண்டு பக்கங்களிலும் தெரிய வேண்டும் என்று தேடினார்கள். கிடைக்கவில்லை. ஆகவே பாம்புத் திரை இருந்தாலும் அது நம் தொடுவானத்தைவிடப் பெரிது. முடிவிலியா, முடிவுள்ளதா என்ற கேள்வி இன்று இந்த இடத்தில் நிற்கிறது. தொடுவானத்துக்கு அப்பாலிருந்து செய்தி எதுவும் வராததால் கடைசி வரை இங்கேயே நிற்கவும் வாய்ப்புண்டு.

கி.மு. நான்காம் நூற்றாண்டில், இன்றைய தென் இத்தாலியில் வாழ்ந்த கிரேக்கத் தத்துவஞானி ஆர்க்கிட்டஸ் இதைக் கையை வைத்தே தீர்த்துவிடப் பார்த்தார். உலகத்தின் விளிம்பில் நின்று கையை நீட்டினால், நீளுமா நீளாதா? நீண்டால் அப்பாலும் இடம் இருக்கிறது. நீளாவிட்டால் தடுக்கும் ஏதோ ஒன்று அப்பால் இருக்கிறது. எப்படியும் விளிம்பு விளிம்பில்லை. அழகான வாதம்தான். ஆனால் அதில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. விளிம்பு இருக்கிறதா என்று கேட்கும்போதே அதில் நிற்க ஓர் ஆளையும் கையையும் கொண்டுபோய் வைத்துவிட்டார். பாம்புத் திரையில் அந்த ஆளுக்கு நிற்க விளிம்பே கிடைக்காது. பார்க்கிறவனைத் திருட்டுத்தனமாக உள்ளே அனுப்பும் இந்த வேலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவின் கேள்வியிலும் அதே ஆள்தான் நின்றுகொண்டிருக்கிறார்.

மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்தே பார்க்கக்கூடிய சான்று ஒன்றும் உண்டு. ராத்திரி ஏன் இருட்டாக இருக்கிறது? சூரியன் இல்லாததால் என்பது பாதி பதில். விண்மீன்கள் முடிவில்லாமல், என்றென்றைக்கும், ஒரே சீராகப் பரவியிருந்தால், எந்தத் திசையில் பார்த்தாலும் பார்வை எங்கோ ஒரு விண்மீனில் போய் முட்ட வேண்டும். காட்டுக்குள் நின்றால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏதாவது ஒரு மரம் தெரிவது போல. வானம் முழுக்கச் சூரியனாகத் தகிக்க வேண்டும். ஜெர்மானிய மருத்துவரும் வானியலாளருமான ஓல்பர்ஸ் 1823-ல் இந்தப் புதிரை எழுதினார், அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. பிரபஞ்சத்துக்கு வயது உண்டு, தூரத்து ஒளி இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் முக்கியமான விடை. இடத்துக்கு முடிவு உண்டா என்று இருட்டு சொல்லவில்லை. காலத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சொல்லப்போனால் வானம் முழு இருட்டும் இல்லை. 1964-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் பெரிய கொம்பு வடிவ ஆன்டெனாவை வைத்துக்கொண்டு திண்டாடினார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே இரைச்சல். உள்ளே புறாக்கள் கூடுகட்டி எச்சமிட்டிருந்தன. அவற்றைத் துரத்தி, எச்சத்தைக் கழுவித் துடைத்தும் இரைச்சல் போகவில்லை. அது பிரபஞ்சம் கொதித்துக்கொண்டிருந்த காலத்தின் மிச்ச ஒளி, விரிந்து விரிந்து மைக்ரோவேவ் ஆகிவிட்ட ஒளி. இருவருக்கும் 1978-ல் நோபல் கிடைத்தது. பழைய டிவியில் சேனல் எடுக்காதபோது தெரிந்த புள்ளிப் புள்ளி மழையில் ஒரு துளியும் இதுவே. சின்ன வயதில் ஆன்டெனாவைத் திருகிக்கொண்டே 'ஒண்ணும் தெரியலப்பா' என்று மாடியிலிருந்து எத்தனை முறை கத்தியிருக்கிறோம்!

இனி அந்த 'ஒண்ணும்' பக்கம் போகலாம்.

தமிழில் இல்லாமைக்குச் சொற்கள் நிறைய. வெறுமை, வெற்றிடம், பாழ், சூனியம், இன்மை. அத்தனையும் ஒன்றல்ல. பாழ் என்றால் முன்பு ஏதோ இருந்திருக்க வேண்டும். வெற்றிடம் என்றால் இடமாவது மிஞ்சுகிறது. எண்ணில் வருவதைப் பூஜ்யம் என்கிறோம், வணக்கத்துக்குரியது என்று பொருள்படும் சொல்! ஆனால் நம் பழைய எண் முறையில் சுழியமே கிடையாது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்ததால் 'இங்கே ஒன்றுமில்லை' என்று எழுதிக் காட்டும் அவசியம் வரவில்லை.

ஒன்றுமில்லாததைக் காட்டுவதற்கென்றே ஒரு சன்னதி சிதம்பரத்தில் இருக்கிறது. நடராஜருக்குப் பக்கத்தில் ஒரு திரை, வெளிப்புறம் கறுப்பு, உட்புறம் சிவப்பு. தீட்சிதர் திரையை விலக்கித் தீபம் காட்டுகிறார். தங்க வில்வ மாலைகள் தொங்குகின்றன, சிலை எதுவும் இல்லை. முதல் தடவை பார்த்தபோது என் பின்னால் நின்றவர் "அவ்ளோதானா?" என்றார். அவர் ஏமாந்ததாக எனக்குத் தோன்றவில்லை, சரியாகத்தான் பார்த்தார். ஆனால் அங்கேயும் மாலை வேண்டியிருக்கிறது, திரை வேண்டியிருக்கிறது, தீபம் வேண்டியிருக்கிறது. எதையும் வைக்காமல் இன்மையைக் காட்ட முடியவில்லை.

இயற்பியலாளர்களுக்கும் இதே தொல்லை. 1640-களில் இத்தாலிய இயற்பியலாளர் டாரிசெல்லி பாதரசக் குழாயைக் கவிழ்த்து, பாதரசம் 76 சென்டிமீட்டரில் நின்றதும் அதற்கு மேலே வெற்றிடம் கிடைத்துவிட்டது என்று காட்டினார். அது வெற்றிடமா? பாதரச ஆவி கொஞ்சம் இருந்திருக்கும். சரி, விண்வெளிக்குப் போவோம். பிரபஞ்சத்தின் சாதாரணப் பொருளையெல்லாம் சீராகப் பரப்பிவிட்டால் நாலு கனமீட்டருக்கு ஓர் அணு என்ற அளவில்தான் வரும். அப்படிப்பட்ட பாழிலும் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும், சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில், பென்சியாஸ்-வில்சன் கேட்ட அந்த ஆதி ஒளியின் துகள்கள் சுமார் 400 இருக்கின்றன. அவற்றையும் துடைத்துவிட்டதாக வையுங்கள். அணு அளவு உலகை ஆளும் குவாண்டம் விதிப்படி வெளி அப்போதும் அசையாமல் கிடக்காது. மிக நெருங்கிய இரண்டு உலோகத் தகடுகளை வெற்றிடத்தில் வைத்தால் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று டச்சு இயற்பியலாளர் காசிமிர் 1948-ல் கணக்குப் போட்டார். 1997-ல் அமெரிக்காவில் அதைத் துல்லியமாக அளந்தார்கள். அந்த வெற்றிடத்துக்கு எவ்வளவு ஆற்றல் என்று கணக்கிட்டால், வானில் அளந்ததற்கும் கணக்குக்கும் இடையே ஒன்றுக்குப் பின் சுமார் 120 சுழியம் போடுகிற அளவுக்கு வித்தியாசம் வருகிறது. இயற்பியல் வரலாற்றிலேயே மோசமான கணிப்பு என்று அவர்களே அதைக் கிண்டல் செய்கிறார்கள்.

பிரபஞ்சம் இப்படிப்பட்ட வெற்றிடத்தின் துடிப்பிலிருந்து தானாக வந்திருக்கலாம் என்கிறார்கள் சிலர். ஒன்றுமில்லாததிலிருந்து வந்தது என்று தலைப்பும் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. துடிக்கும் வெற்றிடமும், அது எப்படித் துடிக்க வேண்டும் என்ற விதிகளும் இருக்கும்போது அது எப்படி ஒன்றுமில்லாதது? 'ஏன் எதுவுமே இல்லாமல் இருக்காமல் ஏதோ இருக்கிறது?' என்று ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்ஸ் 1714-ல் கேட்டார். அவர் கேட்டது விதியும் இல்லாத இன்மையை. அதை எந்த ஆய்வுக்கூடமும் குடுவையில் பிடித்ததில்லை. பிடிக்கப் போனால் குடுவை இருக்கும், பிடிக்கிறவரும் இருப்பார். மறுபடி அதே ஆள்.

அடுத்தது சாவு.

உயிரை எடைபோட்டுப் பார்த்த கதை எல்லோருக்கும் தெரியும், 21 கிராம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் டங்கன் மெக்டூகல் என்ற மருத்துவர் பெரிய தராசின் மேல் கட்டிலைப் போட்டு, சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளைப் படுக்கவைத்து, கடைசி மூச்சின்போது முள்ளைக் கவனித்தார். காச நோயாளிகளையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்தார். அவர்கள் அசையாமல் அடங்கிப்போவார்கள், தராசு ஆடாது. 1907-ல் முடிவு வெளியானது. மொத்தம் ஆறே பேர். இரண்டு பேரின் கணக்கை அவரே தள்ளிவிட்டார், மீதியில் ஒருவருக்குத்தான் அந்த 21 கிராம், மற்றவை ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. அப்புறம் 15 நாய்களை வைத்துப் பார்த்தார், எடை குறையவில்லை, எனவே நாய்க்கு ஆன்மா இல்லை என்றார். எங்கள் தெரு நாயைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். பயணம் என்று முதலில் முடிவுகட்டிவிட்டு, புறப்பட்ட பயணியின் எடையைத் தேடிய ஆராய்ச்சி அது.

இன்றைய ஆய்வுகள் அடக்கமாகப் பேசுகின்றன. இதயம் நின்று 10, 20 வினாடிகளில் நினைவு தப்பும். சற்று நேரத்தில் மூளையின் மின் அலைக் கோடு படுத்துவிடும். ஆனால் படுப்பதற்கு முன் ஒரு கடைசித் துள்ளல் இருக்கலாம். 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எலிகளிடம் அதைப் பார்த்தார்கள். 2023-ல் அதே குழு, செயற்கைச் சுவாசம் நீக்கப்பட்ட நான்கு நோயாளிகளின் பதிவுகளை வெளியிட்டது. இருவருக்கு அந்தத் துள்ளல் இருந்தது. அவர்கள் எதையாவது கண்டார்களா என்று கேட்க வழியில்லை, யாரும் பிழைக்கவில்லை.

பிழைத்து வந்தவர்கள் சொல்லும் சுரங்கம், வெளிச்சம், மேலிருந்து தன் உடலைத் தானே பார்த்தது? 2014-ல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதிக்க நல்ல யுக்தி ஒன்று செய்தது. மருத்துவமனை அறைகளில் உயரமான அலமாரி அடித்து, கூரையைப் பார்த்தபடி படங்களை வைத்தார்கள். உண்மையிலேயே மேலே மிதந்தவர் மட்டுமே அவற்றைப் பார்க்க முடியும். 15 மருத்துவமனைகளில் இதயம் நின்றுபோன 2,060 நிகழ்வுகள், பேட்டி எடுக்க முடிந்தவர்கள் 140 பேர். அவர்களில் இரண்டே பேர் பார்த்ததையும் கேட்டதையும் விவரமாகச் சொன்னார்கள். அந்த இருவருக்கும் அது நடந்தது அலமாரி இல்லாத அறைகளில்.

என்னால் சொல்லக்கூடியது மயக்க மருந்து அனுபவம் மட்டும். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஒரு குடலிறக்க அறுவை சிகிச்சை. மேசையில் படுத்தபோது எதிர்ச் சுவரில் கடிகாரம் 9.10. முகமூடியை வைத்து ஊரைப் பற்றி ஏதோ கேட்டார் டாக்டர். தஞ்சாவூர்ப் பக்கம் என்று சொல்லத் தொடங்கினேன். 'பக்கம்' என்பதைச் சொன்னேனா என்று தெரியாது. அடுத்த கணம் வேறு அறை, வேறு கடிகாரம், மணி ஒன்று. தூக்கத்திலிருந்து எழுந்தால் தூங்கினோம் என்று உடம்புக்குத் தெரியும். இதில் அதுவும் இல்லை. இருட்டாக இருந்ததா என்று மனைவி கேட்டாள். இருட்டாக இருந்தால் இருட்டைப் பார்க்க நான் இருந்திருப்பேனே! அந்த நாலு மணி நேரத்தை நான் அனுபவித்த வெறுமை என்றே சொல்ல முடியவில்லை, அனுபவிக்க அங்கே ஆள் இல்லை. இது சாவு எப்படியிருக்கும் என்பதற்கு நிரூபணமாகாது, நான் திரும்பி வந்துவிட்டேன். ஆனால் 'செத்தபின் இருட்டில் தனியாகக் கிடப்போமே' என்ற என் சின்ன வயதுப் பயம் அன்றோடு விட்டது.

பிறப்பதற்கு முன் 1,380 கோடி ஆண்டு நாம் இல்லாமல்தான் இருந்தோம், அதற்காக யாரும் அழுவதில்லையே, பிறகு ஏன் சாவுக்கு அழ வேண்டும் என்று கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸ் வழியில் வந்தவர்கள் வாதாடுவார்கள். வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் பெரியப்பா கடைசி மாதம் கவலைப்பட்டது தன் இன்மையைப் பற்றி இல்லை. பாதியில் நின்ற போர்வெல்லைப் பற்றி. கையில் இருந்தது பறிபோவதும் வராமலே இருந்ததும் ஒன்றாகாது, எபிகூரஸ் என்ன சொன்னாலும்.

சித்தப்பாவின் கேள்வியில் பிரபஞ்சமும் சாவும் சேர்ந்து வந்ததற்கு நீண்ட பரம்பரை உண்டு. மாலுங்கியபுத்தர் என்ற பிக்கு புத்தரிடம், பதில் சொல்லாவிட்டால் சங்கத்தை விட்டே போய்விடுவேன் என்று மிரட்டிக் கேட்ட பட்டியலிலும் இரண்டும் சேர்ந்தே வருகின்றன: உலகுக்கு எல்லை உண்டா, இல்லையா? உடலும் உயிரும் ஒன்றா, வேறா? ததாகதர், அதாவது விடுதலை பெற்றவர், இறந்தபின் இருக்கிறாரா, இல்லையா? புத்தர் எதற்கும் பதில் சொல்லவில்லை. விஷ அம்பு தைத்தவன், எய்தது யார், என்ன குலம், வில் எந்த மரம் என்று தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்க விடுவேன் என்பது போல இது என்றார்.

வச்சகோத்தர் என்ற ஊர் ஊராகத் திரியும் துறவி விடாமல் கேட்டபோது மட்டும் திருப்பி ஒரு கேள்வி போட்டார். எதிரே எரிகிற நெருப்பு அணைந்துவிட்டால், அது எந்தத் திசைக்குப் போனது? கிழக்கா, மேற்கா, வடக்கா, தெற்கா? அந்தக் கேள்வியே பொருந்தாது, விறகு தீர்ந்தது, நெருப்பு அணைந்தது, அவ்வளவுதான் என்றார் வச்சகோத்தர். விடுதலை பெற்றவர் சாவுக்குப்பின் எங்கே பிறக்கிறார் என்ற கேள்வியும் அப்படியே பொருந்தாது என்றார் புத்தர். போனார் என்ற சொல்லைப் பிடுங்கிவிட்டால் 'எங்கே' நிற்க இடமில்லாமல் போய்விடுகிறது.

இதை எங்கள் ஆச்சியிடம் கேட்டிருந்தால் ஒரே நொடியில் திசை சொல்லியிருப்பாள். விளக்கு அணைந்தது என்று சொல்லவே விடமாட்டாள் அவள். "மலையேறிடுச்சுன்னு சொல்லு." எந்த மலை என்று நான் கேட்டதில்லை.

பெரியப்பாவைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், அது சிதையிலிருந்து ஆவியாக மேலே போனது. 'மேல போய்ட்டார்' என்பதில் அந்த அளவுக்குப் பிழையில்லை. மனித உடலின் அணுக்களில் பத்துக்கு ஆறு ஹைட்ரஜன், அதன் கருக்கள் பிரபஞ்சத்தின் முதல் சில நிமிடங்களுக்குள் உண்டானவை. 78 வயது என்று போஸ்டரில் அடித்திருந்தோம். மறுநாள் காலை பால் தெளிக்கப் போனபோது மிஞ்சியது இரண்டு மூன்று கிலோ எலும்பு, பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பேட்டும். கால்சியம் விண்மீன்கள் வெந்து வெடித்ததில் வந்தது. வெட்டியான் நீர் தெளித்து, காலிலிருந்து தலை வரை வரிசையாகப் பொறுக்கிக் கலயத்தில் போடச் சொன்னார். கலயம் சுட்டது, துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

காவிரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கலயத்தை விட்டோம். விட்டபின் திரும்பிப் பார்க்காமல் கரையேறணும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். நான் பார்த்தேன். கலயம் ஒருமுறை சுற்றியது, வாய்ப்பக்கம் சாய்ந்து தண்ணீர் குடித்தது, உள்ளே போய்விட்டது. கரையில் நின்று சித்தப்பாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.